கைபேசியின் மேல் விழுந்த பழி

இணையவழிக் கருத்தாய்வில் கைபேசியிலிருந்து வரும் விடைகள் கணினி விடைகளைவிடத் தரம் குறைந்தவை என்பது நம் துறையில் கேள்வியில்லாமல் கைமாறி வரும் முடிவு. அந்த விடைகளைக் கழித்துவிட்டுக் கணக்கிடலாம் என்றுகூட இங்கே முன்வரிசையில் இருக்கும் நண்பர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். நான் அதை ஒப்புவதில்லை என்பது அவர்களுக்கும் பழைய செய்திதான். கைபேசியில் நிரப்ப நேரம் கூடுகிறது, பாதியில் விட்டுப் போகிறவர்கள் அதிகம் என்பனவற்றை நான் மறுக்கவில்லை. இவற்றிலிருந்து கருவிதான் குற்றவாளி என்று தாவுவதையே மறுக்கிறேன். கைபேசியில் விடை தருவோர் வேறு மனிதர்கள். இளையவர்கள், வேலைக்கு நடுவே வினாத்தாளைத் திறப்பவர்கள் அவர்களில் மிகுதி. ஆளின் இயல்பைக் கருவியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இதற்கு நெதர்லாந்தின் லிஸ் குழுவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தில்பர்க்கில் உள்ள சென்டர்டேட்டா நிறுவனம் 2007 முதல் நடத்திவரும் இணையவழிக் கருத்தாய்வுக் குழு அது. விரும்பியவர் சேரும் குழு அன்று; மக்கள் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் குடும்பங்களைத் தேர்ந்தார்கள். கணினியோ இணைய இணைப்போ இல்லாத வீட்டுக்கு அவற்றையும் கொடுத்தார்கள். ஆகவே வசதியற்றவர் விடுபட்டுப் போனார் என்ற வழக்கமான குறை இங்கே பெரிதும் எழாது. மாதந்தோறும் அதே ஆட்கள் விடை தருவதால், ஒருவர் இந்த மாதம் கணினியிலும் அடுத்த மாதம் கைபேசியிலும் நிரப்பினால் அவரை அவரோடேயே ஒப்பிடலாம். ஆய்வாளர்கள் பீட்டர் லுக்டிக், வேரா தூப்பூல் இருவரும் 2013இல் அடுத்தடுத்து ஆறு மாதங்களுக்கு இதைத்தான் செய்தார்கள். விடையளிக்காமல் விட்ட கேள்விகள், வரிசை முழுக்க ஒரே கட்டத்தில் டிக் அடித்துப் போவது, சொந்தச் சொல்லில் எழுதும் விடையின் நீளம் போன்ற பல அளவுகளை எடுத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் டேப்லெட்டிலும் கைபேசியிலும் பிழை சற்றுக் கூடுதல். நம் நண்பர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஒருவர் கருவியை மாற்றியபோது அவருடைய பிழை கூடவில்லை. கவனக்குறைவாக விடை தருபவர் கணினியிலும் அப்படித்தான் தந்திருந்தார்.

கருவி மாற்றியவர்கள் தாமாக மாற்றியவர்கள், அதுவும் சிலரே, அதை வைத்து எப்படி முடிவு கட்டுவது என்று கேட்கலாம். நியாயமான தடைதான். அதற்கும் அதே குழுவிலிருந்தே விடை இருக்கிறது. ஆண்டூன், கூப்பர், கான்ராட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2017இல் வெளியிட்ட சோதனையில் ஒரே ஆட்களை இரண்டு கருவிகளிலும் விடையளிக்கச் செய்தார்கள். எது முதலில் என்பதை ஆய்வாளரே குலுக்கல் முறையில் ஒதுக்கினர். கைபேசியில் நிரப்பும்போது பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், வேறு வேலையும் நடந்தது. அப்படியிருந்தும் யோசித்தே விடை சொன்னார்கள், அந்தரங்கக் கேள்விகளிலும் மறைக்கவில்லை. தடுமாறியது எங்கே? சிறு சறுக்குப் பட்டையை விரலால் நகர்த்துவதிலும், தேதிச் சக்கரத்தைச் சுழற்றுவதிலும். அது வினாத்தாளை வடிவமைத்தவரின் பிழை.

அகன்ற திரைக்கென்று கட்டம் போட்ட கேள்வித்தொகுதிகளும் இந்த வகைதான். ஒரு திரைக்கு ஒரு கேள்வி என்று பிரித்துப் போட்டாலே சிக்கல் பெருமளவு தீரும். இன்னொரு குறையும் சொல்வார்கள்: எழுதி விடையளிக்கும் கேள்விகளில் கைபேசி விடை குறுகுகிறது என்று ரஷ்யாவில் செய்த ஆய்வு காட்டியது. குறுகிய விடை பொருளற்ற விடைதானா என்பது தனி ஆய்வுக்குரியது.

கைபேசி ஒன்றே இணையத்துக்கு வழி என்றிருப்போர் மிகுந்த நம் நாட்டில் அந்த விடைகளைக் கழிப்பது ஆட்களையே கழிப்பது. கழிப்பதற்குப் பதிலாக, தமிழில் தட்டச்சிடுவோர், தமிழை ஆங்கில எழுத்தில் இடுவோர், குரலில் பதிவோர் ஆகியோரின் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே கைபேசியை வீட்டார் பலரும் பகிரும்போது விடை யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. வினாத்தாளின் நீளம், திரையின் அளவு, நாளின் எந்த நேரத்தில் நிரப்பப்பட்டது ஆகியவற்றையும் இளம் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளலாம்.