சீப்பிலே எழும் மின்சாரமும் சித்திரை மாதத்து இடியும்

இன்றைக்கு உரத்தைப் பற்றியோ, பூச்சி மருந்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. கோடை மழை பெய்ததும் ஏரைப் பூட்டிக்கொண்டு நாம் உழவுக்குக் கிளம்புகிறோம். அந்த மழையோடு இடியும் மின்னலும் கூடவே வருகின்றன. மின்னல் எப்படி உண்டாகிறது, அதனிடமிருந்து நம் உயிரையும் மாட்டையும் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று இன்று பார்ப்போம்.

முதலில் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை. ஒரு பிளாஸ்டிக் சீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவாத, நன்றாகக் காய்ந்த தலைமுடியைப் பத்துப் பதினைந்து தடவை வேகமாகச் சீவுங்கள். பிறகு காகிதத்தைப் பொடிப் பொடியாகக் கிழித்துப் போட்டு, சீப்பை அதன் பக்கத்தில் கொண்டு போங்கள். காகிதத் துண்டுகள் துள்ளி வந்து சீப்பில் ஒட்டிக்கொள்ளும்.

"இதென்னங்க மாயம்?" என்று கேட்பீர்கள். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. மண், மரம், துணி, நம் உடம்பு எல்லாமே அணுக்களால் ஆனவை. ஒவ்வோர் அணுவின் நடுவிலும் நேர் மின்சாரம் இருக்கிறது. அதைச் சுற்றி எலக்ட்ரான் என்ற மிக நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. அவற்றில் இருப்பது எதிர் மின்சாரம். இரண்டும் சரிக்குச் சரியாக இருக்கும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. சீப்பால் தலையைச் சீவும்போது முடியிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான்கள் சீப்புக்குப் போய்விடுகின்றன. சீப்பில் எதிர் மின்சாரம் கூடுகிறது. முடியில் நேர் மின்சாரம் மிஞ்சுகிறது. இப்படி ஒரு பொருளில் மின்சாரம் ஏறி நிற்பதைத்தான் மின்னூட்டம் என்கிறோம்.

இதை நம் வயல் கணக்கில் சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயல். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டம். ஒன்றிலிருந்து இறைத்து மற்றதில் விடுகிறீர்கள். புதுத் தண்ணீர் எங்கிருந்தாவது வந்ததா? இல்லை. இங்கே குறைந்தது, அங்கே கூடியது. நடுவிலே வரப்பு இருப்பதால் தண்ணீர் நிற்கிறது. மட்டம் ஏற ஏற என்ன ஆகும்? ஒரு கட்டத்தில் வரப்பு உடைத்துக்கொண்டு ஓடும். மின்சாரத்துக்கு அந்த வரப்பு போல இருப்பது காற்று. காற்று வறண்ட நாளில் பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று சத்தம் கேட்கிறதே, இருட்டில் பொறிகூடத் தெரிகிறதே, அது சின்ன வரப்பு உடைவதுதான்.

இனி மேகத்துக்கு வருவோம். கோடை வெயிலில் சூடான ஈரக்காற்று வேகமாக மேலே ஏறுகிறது. அது பல கிலோமீட்டர் உயரத்துக்குக் கருமேகமாகத் திரள்கிறது. கீழே நமக்குப் புழுக்கம். மேலே மேகத்துக்குள் உறைபனிக் குளிர். அங்கே மெல்லிய பனித்துகள்களும், சற்றுக் கனமான பனி உருண்டைகளும் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. சீப்பும் முடியும் உரசிய கதைதான். பெரும்பாலும் லேசான துகள்கள் நேர் மின்சாரத்தோடு மேகத்தின் உச்சிக்குப் போகின்றன. கனமானவை எதிர் மின்சாரத்தோடு கீழ்ப்பகுதியில் தங்குகின்றன.

மேகத்தின் அடியில் எதிர் மின்சாரம் சேரச் சேர, அதற்கு நேர் கீழே நம் நிலத்தில் நேர் மின்சாரம் இழுபட்டு வந்து கூடுகிறது. சீப்பு காகிதத்தை இழுத்தது போலத்தான். கடைசியில் காற்று என்ற வரப்பு உடைகிறது. அதுதான் மின்னல். அந்தப் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி சென்டிகிரேடுவரை சூடாகி, சட்டென்று விரிகிறது. அந்த ஓசைதான் இடி. மின்னலும் மின்சாரமே என்று அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதினார். 1752-ஆம் ஆண்டில் செய்த சோதனைகளில் அது உறுதியானது. கட்டடங்களில் வைக்கும் இடிதாங்கியும் அவர் யோசனைதான்.

மேகத்திலிருந்து மின்னல் இறங்கி வரும்போது, தரையில் உயர்ந்து நிற்கும் பொருள்களின் நுனியிலிருந்தும் அதை நோக்கிப் பொறி கிளம்பும். தனியாக நிற்கும் புளியமரமும், பனையும், வெட்டவெளியில் நிற்கும் மனிதனும் அதற்கு வசதியான பாதைகள். மரத்தில் விழுந்த மின்னல், அடியில் நிற்பவர் மேல் தாவும். அதோடு தரையிலும் பரவும். மாட்டின் முன்காலும் பின்காலும் தள்ளித் தள்ளி இருப்பதால், ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கும். மரத்தடியில் கட்டிய மாடுகள் ஒரே நேரத்தில் செத்து விழுவது இதனால்தான். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்தார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு.

எனவே இவற்றை மனத்தில் வையுங்கள். மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு சால் ஓட்டிட்டு வர்றேன்" என்று நிற்காதீர்கள். ஏரை அவிழ்த்து விட்டு, கான்கிரீட் கட்டடத்துக்கோ, மூடிய பஸ், காருக்கோ போய்விடுங்கள். திறந்த டிராக்டர் பாதுகாப்பு ஆகாது. சின்னக் குடிசையும் ஆகாது. உள்ளே போனாலும் மோட்டார் சுவிட்சையோ, குழாயையோ தொடாதீர்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

ஒதுங்க இடமே இல்லை என்றால் மரம், கம்பிவேலி, கிணற்று மேடு, தண்ணீர் தேங்கிய இடம் இவற்றை விட்டு விலகுங்கள். நாலு பேர் இருந்தால் தள்ளித் தள்ளிப் போங்கள். உடம்பு முடி சிலிர்த்து எழுந்தால், நீங்களே அந்தச் சீப்பு ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம். உடனே இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக் குந்தி உட்காருங்கள். படுக்கக் கூடாது. இதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. வேறு வழியில்லாதபோது செய்வது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மானாவாரி கிராமத்துக்குப் போயிருந்தேன். மழைக்குப் புளியமரத்தடியில் ஒதுங்கிய ஒருவர் மேல் இடி விழுந்துவிட்டது. நான் ஓடிப் போனபோது, ஊரே பத்தடி தள்ளி நின்றது. "தொடாதீங்க சார், உடம்புல கரண்ட் இருக்கும்!" என்றார் ஒரு பெரியவர். அறிவியல் பட்டம் வாங்கிய நானும் தயங்கினேன். பிறகு போய்த் தொட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூச்சு நின்றவருக்கு என்ன செய்வது என்று அன்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அவர் இறந்துவிட்டார். அவருடைய சின்ன மகன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. வரப்பு உடைந்து பாய்ந்த வெள்ளம் நிலத்துக்குள் போய்விட்டது. தயங்காமல் தொடலாம். முடிந்தால் அவரை மரத்தடியிலிருந்து அப்புறப்படுத்துங்கள். மூச்சு இல்லாவிட்டால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்துங்கள். இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். இப்படிப் பிழைத்தவர்கள் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு இதை ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். நான் பழகிக்கொண்டேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அறுந்து விழுந்த கரண்ட் கம்பியில் சிக்கியவர் விஷயம் வேறு. அங்கே மின்சாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். லைனை நிறுத்தும்வரை அவரைத் தொடவே கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்று இரவே வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து, அந்தச் சீப்புச் சோதனையைச் செய்து காட்டுங்கள். காகிதம் துள்ளுவதைப் பார்த்த பிள்ளை, மழைக்கு மரத்தடியில் ஒதுங்குமுன் ஒருதரம் யோசிக்கும்.