வளைந்து கொடுத்தவர், நிமிர்ந்தும் நின்றார்

(‘சாஸ்திரீய சங்கீதம் கற்றவர்கள் சினிமா, நாட்டுப்பாட்டு என்று எல்லா மேடையிலும் பாடுவது இசைக்கு வளமா? வடுவா?’ – திருப்பனந்தாள் பட்டிமன்றத்தில் ‘வளமே’ என்ற அணியில் பேசியது.)

மாண்பமை நடுவர் அவர்களே! இவன் எங்கே தடுக்குவான் என்று துண்டுத்தாளும் பேனாவுமாகக் காத்திருக்கும் எதிரணி நண்பர்களே! பாயிலும் நாற்காலியிலும் இடம் போதாமல் மதில் ஓரம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிற திருப்பனந்தாள் பெருமக்களே! வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்க்கப் போகிற தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். “மாதவி ஒழுங்கா அரங்கேற்றத்தோடு நின்னிருந்தா குடும்பம் கெட்டிருக்குமா? கடற்கரைக்குப் போய்க் கானல்வரி பாடினா. கோவலன் எழுந்து போய்ட்டான். ஆகவே கற்றவர்கள் கண்ட பாட்டையும் பாடக்கூடாது!” (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். சிலப்பதிகாரத்தை வைத்து என்னை அடித்தால் நான் சும்மா இருப்பேனா? மாதவி யார்? ஏழு ஆண்டு ஆடலும் பாடலும் முறையாகப் பயின்றவள். பன்னிரண்டு வயதில் சோழ மன்னன் முன்னால் அரங்கேறித் தலைக்கோல் பட்டமும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றவள். இன்றைய கணக்கில் உச்சியில் இருக்கிற வித்வாம்சினி. அவள் புகார்க் கடற்கரையில் யாழை எடுத்து, நெய்தல் நிலத்துப் பெண் பாடுகிற மாதிரி பாடுகிறாள். அதை இளங்கோவடிகள் எங்கேயாவது குறையாகச் சொன்னாரா? ஒரு காதையே ஒதுக்கிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? வேடர்க்கு வேட்டுவவரி, இடைச்சியர்க்கு ஆய்ச்சியர் குரவை, மலைமக்களுக்குக் குன்றக்குரவை என்று அத்தனை பேர் பாட்டையும் காப்பியத்துக்குள் கொண்டு வந்தார்.

கோவலன் பிரிந்தது பாட்டின் குற்றமா அம்மா? முதலில் பாடியவன் அவன். அதைக் கேட்ட மாதவி, இவன் மனசில் வேறு யாரோ இருக்கிறாள் என்று நினைத்தாள். அவள் பாடினதும், இவள் மனசில் வேறு யாரோ இருக்கிறான் என்று அவன் நினைத்தான். பாட்டைக் கேட்காமல் சந்தேகத்தைக் கேட்டார்கள்! (கைதட்டல்) புருஷன் பெண்டாட்டி சந்தேகப்பட்டதற்கு யாழ் என்ன செய்யும்?

அடுத்து எதிரணித் தலைவர் சொன்னார், “தஞ்சை மண் மும்மூர்த்திகள் நடந்த மண். இங்கே கலப்படமே கூடாது” என்று. ஐயா, அந்த மும்மூர்த்திகளில் ஒருவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர். 1775-இல் பிறந்தவர். வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் வாசித்த மெட்டுகளைக் காதில் வாங்கினார். காதைப் பொத்திக்கொண்டு ஓடினாரா? அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வப் பாடல் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர். ஏறக்குறைய 40 பாடல். அதில் ஒன்று, இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டு! அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் அந்நிய நாட்டு வயலினைக் கற்றுக்கொண்டார். இன்றைக்கு வயலின் இல்லாமல் எந்தக் கச்சேரி நடக்கிறது? கலப்படம் கூடாது என்கிறவர்கள் முதலில் மேடையிலிருந்து வயலின்காரரை இறக்கிவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம். (சிரிப்பு, கைதட்டல்)

கச்சேரி முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய பத்ததியைச் செம்மையாக்கியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் தொடங்கி, கிருதிகள் பாடி, ராகம் தானம் பல்லவி பாடி, கடைசியில் என்ன? துக்கடா! பதம், ஜாவளி, திருப்புகழ், காவடிச்சிந்து. காவடிச்சிந்து எங்கே பிறந்தது? காவடி தூக்கிப் போகிறவன் கால்நடையில் பிறந்தது. ஆக, உங்கள் கச்சேரிப் பந்தியிலேயே நாட்டுப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று. உள்ளே உட்கார வைத்துப் பரிமாறிவிட்டு, வாசலில் நின்று ‘வராதே’ என்றால் எப்படி?

இப்போது நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன். சீர்காழி கோவிந்தராஜன். 1933-இல் சீர்காழியில் பிறந்தார். தமிழ் இசைக் கல்லூரியில் படித்து ‘இசைமணி’ ஆனார். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் பாடம். சுத்தமான காவிரித் தண்ணீர்! 1964-ஆம் வருஷம் என்ன நடந்தது? ‘கர்ணன்’ படத்தில், போர்க்களத்தில் அம்பு தைத்துச் சாய்ந்து கிடக்கிறான் கர்ணன். கண்ணன் பாடுகிறான், சக்கரவாக ராகத்தில். கல்லும் கரையும். அதே 1964, அதே விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, அதே தொண்டை. ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் தலைப்பையே தொடக்கமாக வைத்து ஒரு கலகலப்பான பாட்டு! கர்ணனுக்கு அழுதவர்களே அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர் கச்சேரி மேடையை விட்டாரா? விடவில்லை. கோயில் திருவிழாவில் முருகன் பாட்டுக்கு வந்த கூட்டம், அவர் பாடிய கீர்த்தனையையும் கேட்டுவிட்டுத்தானே போயிற்று?

“சரி, சினிமாவில் பாடுவது காசுக்குத்தானே?” என்று ஒரு தம்பி கேட்டார். ஆமாம் தம்பி, காசுக்குத்தான். அந்தக் காசு எங்கே போயிற்று என்று பாருங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா 1941-இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக ஆண் வேஷம் போட்டார்கள். அந்தப் பணம்தான் சதாசிவமும் கல்கியும் அதே ஆண்டு ‘கல்கி’ பத்திரிகை தொடங்கக் கைகொடுத்தது. அந்தப் பத்திரிகையில்தான் பிறகு ‘பொன்னியின் செல்வன்’ வந்தது. நாரதர் வேஷம் இல்லை என்றால் நம்ம வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரை ஏறியிருப்பானா? (பலத்த சிரிப்பு) அதே அம்மா 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார்கள். கீர்த்தனைகளோடு, ராஜாஜி எழுதிய ஒரு ஆங்கிலப் பிரார்த்தனையையும் மேல்நாட்டு மெட்டில் பாடினார்கள். மதுரையில் பிறந்த குரல். சபையில் யாராவது முகம் சுளித்தார்களா? 1998-இல் பாரத ரத்னா வந்தது.

“டி.கே. பட்டம்மாள் காதல் டூயட் பாடினாரா?” என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பாடவில்லை. ஆனால் 1947-இல் ‘நாம் இருவர்’ படத்தில் பாரதியார் பாட்டைப் பாடினார். திரையரங்குக்குப் போன பாமரன் காதில் பாரதியை ஊற்றினார். அவர் கதவைச் சாத்தவில்லை; எது உள்ளே வரலாம், எது வேண்டாம் என்று வாசலில் நின்று தேர்ந்தெடுத்தார். அது அவர் உரிமை. அவர் பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன் 1998-இல் ‘ஜீன்ஸ்’ படத்தில் பாடினார். அது இவர் உரிமை. பாட்டிக்கும் ஒரு தேர்வு, பேத்திக்கும் ஒரு தேர்வு. நமக்கென்ன சண்டை?

இன்னொன்று, நம்ம வயலைக் கேட்போம். அம்மையார் சொன்னார்கள், “ஒரே குரலில் எல்லாம் பாடினால் குரல் கெட்டுப்போகும்” என்று. இங்கே எத்தனை விவசாயிகள் இருக்கீங்க? கையைத் தூக்குங்க... பாதிப் பேர்! சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால, ஈரம் காயறதுக்குள்ள என்ன பண்றீங்க? உளுந்து, பயறு தெளிக்கிறீங்க. நெல் விளைந்த நிலத்தில் உளுந்து விளைந்தால் நிலம் கெடுமா? உளுந்தின் வேர் மண்ணுக்குச் சத்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. அடுத்த வருஷம் நெல்லுக்கே லாபம். குரலும் அப்படித்தான். 1977-இல் ‘கவிக்குயில்’ படத்தில் பாலமுரளிகிருஷ்ணா ரீதிகௌளையில் பாடினார், இளையராஜா இசையில். ரீதிகௌளை என்ற பெயரையே கேட்டிராத வீடுகளில் அந்த ராகம் குடியேறியது. அந்த வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் பிறகு கச்சேரி வாசலுக்கு வந்தார்கள்! உளுந்து நெல்லுக்குப் போட்ட உரம் அது.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாற்று வளராமலே பிடுங்கி நட்டால் பயிர் நிற்காது. இன்றைக்குச் சில பெற்றோர், பிள்ளை சரளி வரிசை தாண்டுவதற்குள் போட்டி மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். அது தவறு. நாற்றங்காலில் இருக்க வேண்டிய நாள் இருக்கத்தான் வேண்டும். என் கட்சி, வேர் பிடித்த பயிருக்கு வேலி எதற்கு என்பதுதான்.

நடுவர் மணியைத் தொடுகிறார். மணி அடிக்கும் முன் ஒரு வீட்டுக் கதை சொல்ல அனுமதி வேண்டும். ஊர் பேர் வேண்டாம். பாட்டு வாத்தியார் பேரும் வேண்டாம்.

என் அக்கா எட்டு வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டாள். விடியற்காலையில் அவள் சாதகம் பண்ணுகிற சத்தத்தில்தான் நாங்கள் எழுவோம். பதினாறு வயதிருக்கும். பக்கத்து வீட்டில் குழந்தைக்குத் தொட்டில் போட்டார்கள். பெண்கள் கூடி, “நீதான் பாட்டுக் கத்துக்கிறியே, ஒரு தாலாட்டுப் பாடும்மா” என்றார்கள். அவள் ஒரு சினிமாத் தாலாட்டைப் பாடினாள். குழந்தை தூங்கிவிட்டது. செய்தி வாத்தியார் காதுக்குப் போயிற்று. மறுநாள் அவர் சொன்னது ஒரே வார்த்தை: “நாளையிலேருந்து வர வேண்டாம்.” அப்பா போய்க் கெஞ்சினார். கதவு திறக்கவில்லை. அக்கா தம்புராவுக்கு உறை போட்டு மூலையில் வைத்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் விடியற்காலை சத்தமே இல்லை.

அந்த வாத்தியார் கெட்டவரில்லை. பட்டினி கிடந்து பெற்ற கலை. கை தவறிவிடுமோ என்ற பயம் அவருக்கு. எதிரணி நண்பர்களே, உங்கள் பயமும் அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது யார்?

2013-இல் பாம்பே ஜெயஸ்ரீ, ‘லைஃப் ஆஃப் பை’ படத்தில் பாடிய பாட்டுக்கு ஆஸ்கர் விருதுப் பரிந்துரைப் பட்டியலில் இடம் பெற்றார். லால்குடி ஜெயராமனின் சிஷ்யை. என்ன பாட்டு? தமிழில் ஒரு தாலாட்டு! அக்கா தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி என்னிடம் கேட்டாள்: “ஏன்டா தம்பி, அவங்க வாத்தியார் ஒண்ணும் சொல்லலையா?”

(அவையில் அமைதி)

நான் முனைவர் பட்டம் வாங்கியவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பத்து வருஷம் கழித்து, 2023-இல், அதே ஜெயஸ்ரீயைச் சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதிக்குத் தேர்ந்தெடுத்தது. பதில் அங்கே இருந்தது. அக்காவுக்குத்தான் அது நாற்பது வருஷம் தாமதம்.

நிறைவாக உங்கள் ஊர்க் கதை. தாடகை என்ற அடியவள் தினமும் செஞ்சடையப்பருக்கு மாலை சூட்டுவாள். ஒருநாள் கையில் மாலை. உடுத்திய ஆடை நெகிழ்கிறது. ஆடையை முழங்கையால் இடுக்கிக்கொண்டு தவிக்கிறாள். சுவாமி என்ன செய்தார்? தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டார்! சாய்ந்த திருமேனியைச் சோழன் யானை பூட்டி இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை. திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார் வந்தார். தம் கழுத்தில் கயிற்றைக் கட்டி அன்பால் இழுத்தார், நிமிர்ந்தது.

ஆகம விதியே உருவான ஆண்டவன், ஒரு எளிய பெண்ணின் மாலைக்காக வளைந்து கொடுத்தார். வளைந்ததால் அவர் பெருமை குறைந்ததா? அதனால்தானே இந்த ஊருக்கே பெருமை! யானை பலத்துக்கு நிமிராதவர், அன்புக்கு நிமிர்ந்தார். கலையும் அதே மாதிரி. தொட்டில் ஓரத்துக்கும், திருவிழாக் கூட்டத்துக்கும், திரையரங்குப் பாமரனுக்கும் அது குனியட்டும். நிமிர்த்துகிற கயிறு உங்கள் கையில் இருக்கிறது. அது சாதகம், அது குருவின் அன்பு. அந்தக் கயிற்றை இழுப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, கட்டிப் போடுவதற்கு வேண்டாம்.

எனவே, கற்றவர்கள் எல்லா மேடையிலும் பாடுவது இசைக்கு வளமே, வளமே என்று சொல்லி, நல்ல தீர்ப்பு வரும் என்ற நம்பிக்கையோடு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)