இழையும் புரியும் வடமும்
(மீஞ்சூரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொங்குபாலத்தைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இங்கு அமர்ந்திருப்போரில் பலர் அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் பளுதூக்கியின் எஃகு வடத்தைக் கையாள்பவர்கள். அவ்வடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள்தாம் எனக்குச் சொல்லவேண்டும். நான் சொல்ல வந்தது அதற்குரிய சொற்களைப் பற்றி.

பிற பாலங்கள் தூணின்மேல் அமர்கின்றன. இது வடத்தில் தொங்குகிறது. இரு கரையிலும் ஆழ அகழ்ந்து, கல்லாலோ கற்காரையாலோ பிணைப்புத் திண்டுகள் அமைப்பர், உயர்தூண்கள் எழுப்புவர். மெல்லிய கயிறொன்றை முதலில் அக்கரை சேர்த்து, அதன் துணைகொண்டு பெருவடங்களைத் தூண்தலையின் மேலாக இழுத்துத் திண்டுகளில் பிணிப்பர். பின்னர்த் தொங்குகம்பிகளை இறக்கித் தளத்தைச் சிறுகச் சிறுகக் கோப்பர். ஏறுவோர் சுமை முழுதும் இறுதியில் வடத்தைச் சேரும். வடம் தூணை அழுத்தும், திண்டை இழுக்கும். அழுத்தத்தைக் கல் தாங்கும். இழுப்பைத் தாங்க இரும்போ எஃகோ வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியே மேற்கே செல்வோர் புனலூரில் இதனைக் காணலாம். கல்லடையாற்றின்மேல் 1877-இல் ஆல்பர்ட்டு என்றி என்னும் பொறிஞர் அமைத்த பாலம். ஏறத்தாழ 400 அடி. அங்கே வடமில்லை; இரும்புத் தொடர்களே தாங்குகின்றன. (சங்கிலி என்று சொல்லிப் பழகிவிட்டோம், சங்கப் புலவர்க்கு அது தொடர்.) மக்கள் ஏற அஞ்சினராம், யானைகளைப் பாலத்தில் நடத்திவிட்டு, பொறிஞர் கீழே படகில் இருந்தாராம். அவ்வூரார் சொல்வது இது. உண்மையோ புனைவோ, சுமையேற்றிப் பார்த்த பின்னரே மக்களை ஏற்றவேண்டும் என்னும் அறிவு அதில் இருக்கிறது.

அவ்வறிவு 2022-இல் குசராத்து மாநிலத்து மோர்பியில் இல்லை. மச்சு ஆற்றின்மேல் இருந்த பழைய தொங்குபாலத்தின் மரத்தளத்தை நீக்கி அலுமினியத் தளம் இட்டனர். சுமையேற்றிப் பார்க்காமலே அக்டோபர் 26 அன்று திறந்தனர். நான்கு நாள் கழித்து, 30 அன்று, அறுந்தது. மாண்டோர் 135 பேர். அன்று ஒரே நாளில் விற்ற நுழைவுச்சீட்டு 3,165. ஒரு பெருவடத்தின் 49 கம்பிகளில் 22 முன்னரே துருவேறியிருந்தன என்று ஆய்வுக்குழு கண்டது. கண்ணுக்குத் தெரியும் தளம் புதிது. உயிரைத் தாங்கும் வடம் பழையது!

அந்த 49 என்ன கணக்கு? ஏழு கம்பியிழை முறுக்கினால் ஒரு புரி. ஏழு புரி சேர்ந்தால் வடம். முப்புரி என்கிறோம், தேர்வடம் என்கிறோம். கயிறு திரித்த நம் முன்னோர் அன்றே வகுத்த சொற்கள் இவை. நாமோ மூன்றையும் விட்டு ‘ரோப்பு’ என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். குறிப்பேட்டில் ‘ரோப்பு சரி’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ‘மூன்றாம் புரியில் இரண்டு இழை அறுந்துள’ என்று எழுத வேண்டுமானால் எண்ணித்தான் ஆகவேண்டும். நியூயார்க்கில் 1883-இல் முடிந்த புரூக்ளின் பாலத்தைக் கட்டும்போது தரங்குறைந்த கம்பி வடத்துள் புகுந்துவிட்டது தெரிந்ததும், வடத்திற்கு 150 கம்பி கூட்டியது இவ்வாறு எண்ணியதால்தான்.

மோர்பியில் சொல் இல்லாமலா அறுந்தது என்பீர்கள். இல்லை, பாராமல் அறுந்தது. ஆனால் பார்ப்பவன் கண்டதைத் தன் மொழியில் எழுத இடமிருக்க வேண்டாவா? குறிப்பேடு ஆங்கிலத்தில்; வடத்தைத் தொட்டுப் பார்ப்பவன் தமிழன். எண்ணூர்க் கழிமுகத்து உப்புக்காற்று எந்த மொழியும் அறியாது. அது இழையைத் தின்றுகொண்டே இருக்கிறது.

முப்பது சொற்களை ஒரு தாளில் எழுதி வந்திருக்கிறேன். ஏட்டறிவால் எழுதியவை, கைப்பட்டவர்கள் நீங்கள். பொருந்தாதவற்றை அடித்துத் திருத்தி, அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள்.