பாலைமேட்டில் ஒரு பானை



எகிப்துக்குப் போய் வந்தேன் என்றதும் பலரும் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "பிரமிட்டுகளைப் பார்த்தீர்களா?" என்பதுதான். பார்த்தேன். பெரியவைதான். அவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் நான் வேறு இரண்டு இடங்களைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். ஒன்று கோயில். மற்றையது, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு மணல்மேடு.

தோப்பூர் எங்கே, எகிப்து எங்கே என்று நீங்கள் நினைக்கலாம். இலக்கியம் படித்தவர்களுக்கு அந்த நாடு அப்படியொன்றும் தூரமில்லை. இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாக எண்ணப்படும் 'அசன்பேயுடைய கதை', 1885இல் சித்திலெப்பை அவர்களால் வெளியிடப்பட்டது. அதன் நாயகன் கெய்ரோவில் பிறந்தவன். எகிப்திய விடுதலை வீரர் ஒராபி பாஷா 1883 முதல் 1901 வரை இந்நாட்டில் நாடுகடத்தப்பட்டவராக வாழ்ந்தார். சித்திலெப்பையோடு நெருங்கிப் பழகியவர் அவர். எனக்கு வழிகாட்டியவனும் எங்கள் ஊர்ப் பையனே. உயர்தரத்துக்கு என்னிடம் தமிழ் படித்தவன். இப்போது அல் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் மார்க்கக் கல்வி பயில்கிறான். "வாங்க சேர், நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று அவன் சொன்ன துணிவிலேதான் 2023 டிசம்பர் விடுமுறையில் புறப்பட்டேன்.

முதலில் லக்சோர். நைல் நதியின் கீழ்க்கரையில் உள்ள அந்தக் கோயில் மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. மூன்றாம் அமென்ஹோத்தெப் கட்டியது. இரண்டாம் ராம்சேஸ் பெருப்பித்தது. வாசலில் இரண்டு ஒற்றைக்கல் தூண்கள் நின்றன. இப்போது ஒன்றுதான் நிற்கிறது. மற்றையது 1836 முதல் பாரிஸ் நகரச் சதுக்கத்தில் நிற்கிறது. உள்ளே போனால் ஓர் அறையிலே பழைய எகிப்தியச் சிற்பங்களின் மேல் சுண்ணச்சாந்து பூசி, உரோமர் தம் ஓவியங்களைத் தீட்டியிருக்கிறார்கள். பின்பு கிறிஸ்தவர்கள் அந்த வளவிலே தேவாலயம் அமைத்தார்கள். அதன்பின், கோயில் மண்மூடிப் போயிருந்த காலத்தில், அந்த மண்மேட்டின் மேல் அபுல் ஹஜ்ஜாஜ் என்ற இறைநேசரின் பள்ளிவாசல் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அகழ்வாளர் மண்ணை வாரிய பிறகு பள்ளிவாசலின் பழைய கதவொன்று, கீழே படியில்லாமல், ஆளுயரத்துக்குப் பல மடங்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. அப்பள்ளியில் இன்றும் தொழுகை நடக்கிறது. நாங்கள் தூண்களிடையே நின்றபோது அஸர் பாங்கு ஒலித்தது. பையன் என்னைப் பார்த்து, "சேர், நீங்க இங்கயே நில்லுங்க, நான் தொழுதிட்டு வாறன்" என்று போனான். நான் ராம்சேஸின் காலடியில் குந்தியிருந்தேன்.

அந்த இறைநேசர் பேரால் ஆண்டுதோறும் ஒரு விழா எடுக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கந்தூரி போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விழா ஊர்வலத்திலே படகுகளை வண்டியிலேற்றி இழுத்து வருவார்களாம். பண்டைய எகிப்தியரும் இதே வீதியில் அமூன் தெய்வத்தைப் படகிலேற்றி ஊர்வலம் கொண்டுவந்தனர். அக்காட்சி கோயிற் சுவரிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. ஒன்றிலிருந்துதான் மற்றது வந்ததோ, ஆற்றங்கரை மக்களுக்குப் படகே இயல்பாக வாய்த்ததோ, ஆய்வாளர் வாதிடட்டும்.

நான் அங்கே நின்று கோணேசர் மலையை நினைத்தேன். போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் கோட்டைக்குள் போயின. இரட்டைக் கயல் பொறித்த கல்லைக் கோட்டை வாசலில் இன்றும் காணலாம். 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளாக்கும் கடலடியில் கோயிற் தூண்களைக் கண்டார்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரு கல் வெளிப்பட்டால் அது யாருடையது என்ற கேள்வியே முதலில் எழுகிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென ஜனாதிபதிச் செயலணி ஒன்று நிறுவப்பட்டபோது, தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அக்காலத்தில் எங்கள் ஊர்களில் வயலுக்குள் செங்கல் கண்டவன் அதைக் காட்டப் பயந்தான். லக்சோரில் எல்லாம் சுமுகமாகவே நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஓவியத்துக்காகச் சிற்பத்தை மறைத்தவன் சுமுகமானவன் அல்லன். ஆனால் இன்று அங்கே எந்த அடுக்கையும் உரித்தெறிந்து இதுவே மூலம் என்று சொல்ல ஒருவரும் முனையவில்லை.

இனி மணல்மேடு. நைல் கரையிலுள்ள கிப்த் என்ற ஊரிலிருந்து செங்கடற் கரையிலுள்ள குசெய்ருக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். இடையில் ஹம்மாமாத் என்னும் வறண்ட பள்ளத்தாக்கு. இருமருங்கும் கருமலை, புல் இல்லை, பறவை இல்லை. பாறைகளிலே நாலாயிரம் ஆண்டுக்கு முன் கல் வெட்ட வந்தவர்களின் எழுத்துகள். வழிநெடுக உரோமர் காலக் காவற்கோபுரங்களும், கிணறு தோண்டி மதில் கட்டிய தங்கிடங்களும் இடிந்து கிடக்கின்றன. செங்கடல் துறைகளில் இறக்கிய மிளகும் யானைத்தந்தமும் ஒட்டகத்தில் ஏறி இத்தகைய பாலை வழிகளாற்றான் கிப்துக்குப் போயின. கிப்தின் பழம்பெயர் கொப்தொஸ். வியன்னா நகரிலுள்ள ஒரு பப்பைரஸ் தாள் முசிறிச் சரக்கைப் பற்றிய உடன்படிக்கையைத் தருகிறது. அதிலே இந்தக் கொப்தொஸ் வருகிறது. 1985இல் அது பதிப்பிக்கப்பட்டபோது தமிழாராய்ச்சி உலகம் துள்ளிக் குதித்தது நியாயமே.

குசெய்ர் பட்டணத்துக்கு வடக்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றரில் உள்ளது பழைய குசெய்ர். கிரேக்கர் அதனை மயோஸ் ஹொர்மோஸ் என்றனர். ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இங்கிருந்து இந்தியாவுக்குப் போனதாக ஸ்திராபோ எழுதினார். இப்போது அங்கே ஓர் உல்லாச விடுதி, ஒரு வேலி, சில மேடுகள், சிதறிய ஓடுகள். பையன் என் முகத்தைப் பார்த்து, "இதுக்கா சேர் இவ்வளவு தூரம்?" என்றான்.

இதற்குத்தான். இந்த மேட்டிலே 1978 முதல் 1982 வரை சிக்காகோ பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் கீறிய ஓட்டுத்துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் கணன், கண்ணன் என்று கொள்க. மற்றதில் சாதன், சாத்தன். பின்னர் 1999 முதல் 2003 வரை சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்ததில் வேறொரு துண்டு வந்தது. ஈராயிரம் ஆண்டுப் பழைய, இந்தியாவிலிருந்து போன பானையின் துண்டு. அதிலே ஒரே சொற்றொடர் இரு முறை கீறப்பட்டிருந்தது. ஐராவதம் மகாதேவன் அதனை வாசித்தார். 2007இல் செய்தி வெளியாயிற்று. 'பானை ஒறி', அதாவது பானை உறி, என்பதே அது.

மன்னன் பெயரில்லை, வெற்றியில்லை. பானை. அதைத் தொங்கவிடும் உறி. கண்ணனும் உறியும் ஒரே மேட்டில் கிடைத்தனவே என்று சிரிப்பீர்கள்; வகுப்பிலும் சிரித்தார்கள். வெண்ணெய் திருடிய கண்ணன் அல்லன் இவன். வேறு அகழ்வில் வந்த வேறு துண்டு, யாரோ ஒரு வணிகனோ மாலுமியோ. உருளும் கப்பலில் மண்பாண்டம் உடையாதிருக்க உறியைவிட நல்ல உபாயம் ஏது? பல பேருடைய பாண்டங்களுக்கிடையே இது உறிப்பானை என்று தெரிய எழுதியிருப்பான் என்பது என் ஊகம்.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்த ஓடு இன்னொன்றையும் தெளிவாக்கிற்று. அகநானூற்றின் 149ஆம் பாட்டை நான் ஆண்டுதோறும் படிப்பிக்கிறேன். யவனர் மரக்கலம் முசிறிக்கு வருவது அதில் உண்டு. சங்கப் புலவன் தன் கரையில் நின்று வந்தவனைப் பார்த்தான். போனவனை யார் பார்த்தது? போனவன் தானே பானையில் எழுதினாற்றான் உண்டு. குசெய்ருக்குத் தெற்கே பெரனிக்கே என்ற துறையில், கோயிலொன்றில், இந்தியச் சாடி நிறைய ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அங்கே பத்துக்கு மேற்பட்ட மொழிகளின் எழுத்துகள் அகப்பட்டுள்ளன; தமிழும் அவற்றிலொன்று. அவ்விடத்துக்குப் போக எனக்கு வாய்க்கவில்லை.

உறி என்ற சொல்லை மூதூர்ப் பகுதியில் விளக்கத் தேவையில்லை. எருமைத் தயிர் உறையும் ஊர்கள் எங்களுடையவை. எறும்பும் பூனையும் எட்டாதபடி வளையில் தொங்கும் தயிர்ச்சட்டி. 2006 ஆகஸ்டில் நாங்கள் உடுத்த உடையோடு கந்தளாய்ப் பக்கம் நடந்தபோது, வழியிலே அம்மா முதலில் கவலைப்பட்டது தாலிக்கொடிக்கல்ல. "தயிர்ச்சட்டி உறியில அப்படியே கிடக்கே" என்றுதான். அவருக்குப் பக்கத்தில் நடந்துவந்த உம்மா ஒருவரும் அதையே சொன்னார். திரும்பி வந்தபோது வளையிருந்தது. உறி கரிந்திருந்தது.

மேட்டில் நின்று கிழக்கே பார்த்தேன். செங்கடலுக்கு அப்பால் சவூதி அரேபியா. பின்னாளில் இதே குசெய்ரிலிருந்து ஹஜ் யாத்திரிகர் அக்கரைக்குக் கப்பலேறியதுண்டு. எங்கள் பிரதேசத்துப் பெண்கள் இன்று ஆகாய விமானத்தில் அக்கரைக்குப் போகிறார்கள், பிறர் வீட்டுப் பாத்திரம் கழுவ. 2005இல் அப்படிப் போன மூதூர்ப் பெண் றிசானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறப்புச் சான்றிதழில் அவள் பிறந்த ஆண்டு 1988, கடவுச்சீட்டில் 1982. 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சாத்தன் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டு கடல் கடந்தான். அந்தப் பிள்ளையின் வயதைப் பிறர் எழுதினார்கள். இதைப் பையனிடம் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட சாச்சியும் இப்ப றியாத்தில சேர்" என்றான்.

காவலாளி ஒருவர் எங்களை நெடுநேரம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். பையன் அரபியில் விளக்கினான். விளங்கவில்லை. நான் மணலிலே விரலால் ஒரு வளை, நான்கு கயிறு, ஒரு பானை கீறிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துச் சிரித்து, பானைக்குள் விரலை விட்டு நக்குவதுபோல் பாவனை செய்தார்.

ஊர் திரும்பியபின் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலே ஆச்சியும் மூத்தம்மாவும் சொல்லும் பாண்டங்களின் பெயர்களை எழுதி வரவேண்டும். கூடுமானால் பொருளையும் கொண்டுவர வேண்டும். சட்டி, முட்டி, குடுவை, அகப்பை, சுளகு என்று பட்டியல் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு மாணவி உறியொன்று கொண்டுவந்தாள். மீன்வலை நைலோன் கயிற்றில் அவளுடைய அப்பா பின்னியது. அதற்குள்ளே ஒரு பிளாஸ்ரிக் வாளி இருந்தது. வகுப்பறை யன்னலிலே இப்போது அது தொங்குகிறது.