ராஜினாமாக் கடிதம் எழுதும் முன்...

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலில் ஒரு வேண்டுகோள். பின்வரிசையிலிருந்து கமெண்ட் அடிக்கிறவர்கள் தயவுசெய்து எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்து அடிக்கவும். எனக்குக் காது கேட்காது. (சிரிப்பு)

நாலு வருஷம் இதே கல்லூரியில் நல்ல காதை வைத்துக்கொண்டு எதையும் கேட்காமல் இருந்தவன்தான் நான். நம்ம லேப் சார் அப்போதே சொன்னார், "உனக்கெல்லாம் காது எதுக்குடா?" என்று. அவர் வாய்முகூர்த்தம்! (சிரிப்பு) சார் முன்வரிசையில் இருக்கிறார். கோபமில்லை சார்.

சிரித்தது போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓர் ஆலையில் மின் பராமரிப்பு எஞ்சினியர். 2019-ல் இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைய ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே சமாளித்தேன். 2020-ல் கொரோனா வந்தது. எல்லோர் வாயையும் முகக்கவசம் மூடியது. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, நான் இத்தனை நாள் காதால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டுக் கொண்டிருந்தேன் என்று.

ஒரு நைட் ஷிஃப்டில் கம்ப்ரசர் அலாரம் அடித்திருக்கிறது. நான் பத்தடி தூரத்தில் குனிந்து பேனலைப் பார்த்துக் கொண்டிருக்கிறேன். ஆபரேட்டர் ஓடிவந்து தோளைத் தொட்டார். விபத்து ஒன்றுமில்லை. ஆனால் என் கை நடுங்கியது. மறுநாள் காலை வீட்டுக்குப் போய், "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று ஆரம்பித்து ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். மூன்று நாள் அது சட்டைப்பையிலேயே கிடந்தது. வீட்டுக்கடன் பாக்கி, பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. மனைவியிடமும் சொல்லவில்லை.

நம் கல்லூரி சீனியர் அண்ணன் ஒருவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதினேன். உடனே பதில் வந்தது: "லெட்டரைக் கொடுத்துத் தொலைக்காதே. முதலில் பகவான் தாஸ் கேஸைப் படி."

படித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

பகவான் தாஸ், பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் லைன்மேன். பணியில் இருக்கும்போதே 1994-ல் பார்வையை முழுதாக இழந்தார். கண் போனால் வேலையும் போகும் என்று அவராகவே முடிவு கட்டி, தன்னை ஓய்வுபெற விடுங்கள், மனைவிக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று கடிதம் எழுதினார். வாரியமும் 1997-ல் அவரை அனுப்பிவிட்டது. ஆனால், ஊனமுற்றோருக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 1996-லேயே அமலுக்கு வந்துவிட்டது. அதன் 47-ஆவது பிரிவு என்ன சொன்னது? பணிக்காலத்தில் ஊனமடைந்த ஊழியரை நீக்கக்கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணி தரவேண்டும். அப்படிப் பணி இல்லையென்றால் அவருக்காகவே கூடுதலாக ஒரு பணியிடம் உண்டாக்கி வைத்திருக்க வேண்டும். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2008-ல் தீர்ப்பு, அவர் பக்கம். சட்டம் தெரியாத ஒரு கடைநிலை ஊழியர், மன வேதனையில் எழுதிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அவரை வெளியேற்றியது தவறு. உனக்கு இந்த உரிமை இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல வேண்டியது மேலதிகாரிகளின் கடமை என்றது நீதிமன்றம்.

அண்ணன்மார்களே, அந்த லைன்மேனுக்குச் சட்டம் தெரியாது. எஞ்சினியரிங் படித்த எனக்கும் தெரியவில்லையே!

இப்போது அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில், 2017 ஏப்ரல் 19 முதல், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடப்பில் உள்ளது. முன்பு 7 வகை ஊனங்கள் என்றிருந்தது, இதில் 21 வகை. அரசுப் பணியில் 4 சதவீத இடஒதுக்கீடு. 47-ஆவது பிரிவில் இருந்த பாதுகாப்பு புதிய சட்டத்தின் 20-ஆவது பிரிவில் தொடர்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்குத்தான். என்னைப்போல் தனியாரில் இருப்பவர்களுக்கு அந்த அளவு கவசம் இல்லை, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அதற்காக ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 21-ஆவது பிரிவுப்படி தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், என்னென்ன வசதி செய்து தருவோம் என்பதும், இதைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம்; மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. முறையிட மாநில ஆணையர் இருக்கிறார்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலாளரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். "பாவம் தம்பி, உன்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றிடறேன், சும்மா உட்கார்ந்திரு" என்றார். "சார், உட்கார இடம் வேண்டாம். மூன்று விஷயம் வேண்டும்" என்றேன். ஒன்று, அலாரம் ஹாரன் இருக்கிற இடத்திலெல்லாம் சுழலும் விளக்கு. இரண்டு, ஷிஃப்ட் மாறும்போது வாக்கி-டாக்கியில் சொல்வதை நோட்டில் எழுதி வைப்பது. மூன்று, மீட்டிங்கில் பேசுகிறவர் என் பக்கம் திரும்பிப் பேசுவது.

இவ்வளவுதான். விளக்குக்கும் ஒயருக்கும் ஆன செலவு, எங்கள் ஆலையின் ஒரு மாத டீச் செலவைவிடக் குறைவு. அதோடு வேடிக்கை பாருங்கள்: கம்ப்ரசர் இரைச்சலில் நல்ல காது உள்ளவர்களுக்கும் ஹாரன் சரியாகக் கேட்பதில்லை! இன்று எல்லோரும் அந்த விளக்கைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள். எழுதி வைப்பதால், "நீ சொல்லவே இல்லையே" என்கிற சண்டையும் நின்றது. சட்டம் இதைத்தான் நியாயமான வசதி என்கிறது. நிறுவனத்தின் தலையில் தாங்க முடியாத சுமையை ஏற்றாமல், தேவையான மாற்றத்தைச் செய்து கொடுப்பது. இது தர்மமோ இரக்கமோ இல்லை. லோடுக்குத் தகுந்தபடி ஒயரிங்கை மாற்றுகிறோமே, அந்த மாதிரி வேலை. நமக்குத் தெரிந்த வேலை!

இந்த அரங்கில் நிர்வாகிகளாக, முதலாளிகளாகப் பலர் இருக்கிறீர்கள். உங்கள் ஊழியர் ஒருவர் தலைகுனிந்து கடிதம் நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு என்ன வசதி செய்து கொடுத்தால் இந்த வேலையைச் செய்வாய்?" தம்பி தங்கைகளே, உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ நாளை இப்படி நேர்ந்தால் மறைக்காதீர்கள். மறைத்த அந்த ஒரு வருஷம்தான் என் வாழ்க்கையிலேயே ஆபத்தான வருஷம்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். சங்க நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. நல்லதுதான். ஆனால் காலையில் பார்த்தேன், கம்பெனிகள் நேர்முகத் தேர்வு நடத்தும் அறை இன்னும் மாடியில்தான் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. தரைத்தள அறைக்கும் வாசலில் ஒன்றரை அடிப் படி. சாய்தளத்துக்கு விதி 1-க்கு 12. ஒன்றரை அடி ஏற 18 அடி நீளம் போதும். சிவில் நண்பர்கள் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள். தேர்வைக் கீழே நடத்தி, சாய்தளத்தை முதலில் கட்டுவோம். வளைவு அடுத்த வருஷம் வரட்டும். என் பங்காக ஒரு மாதச் சம்பளத்தை இந்த மேடையிலேயே பொருளாளர் அண்ணனிடம் ஒப்படைக்கிறேன்.

நீங்கள் கைதட்டினால் எனக்குக் கேட்காது. கையை உயர்த்தி ஆட்டுங்கள், கண்ணாலேயே கேட்டுக்கொள்கிறேன்.