பிறந்தநாள் யாருக்கு?



“வெளிநாட்டுப் பயணத்தில் பெரிது, திட்டமா? விருப்பமா?” இதுதான் இன்றைய மன்றத்தின் தலைப்பு. திட்டம்தான் என்று வாதாடியவர்கள் பேச்சில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு பவுண்டுக்கு ஐந்து ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து மாற்றிக்கொண்டு லண்டன் போகிறவர், விடுதி அறையில் படுத்துத் தூங்கிவிட்டு வரமுடியுமா? ஆனால் எட்டு நாளில் ஏழு நாடு பார்த்து வந்தவரிடம் பாரிஸ் எப்படி இருந்தது என்று கேட்டால், “மழை பெய்தது, பேருந்தை விட்டு இறங்கவில்லை” என்கிறார். அதற்கும் திட்டம் என்றுதான் பெயர்.

தைப்பிங் நகரத்துத் தம்பதியர் ஒருவரின் முதல் நாள் நகர்வலத்தைச் சற்றுப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அந்த அம்மாவுக்கு 50 வயது நிறைகிறது. பிறந்தநாளை லண்டனில் கொண்டாட வேண்டும் என்பது கணவரின் ஆசை. பயணச் செலவில் பாதி, அந்த அம்மா பன்னிரண்டு ஆண்டுகளாக ரவிக்கை தைத்துச் சேர்த்த பணம். இதை மறந்துவிடாதீர்கள்.

மகள் கணினியில் திட்டம் போட்டு அச்சடித்துக் கொடுத்திருந்தாள். முதல் நாள்: பக்கிங்ஹாம் அரண்மனை, பிக் பென், லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ். புறப்படுமுன் அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

“என்னங்க, கியூவுக்குப் போயிட்டு வரலாமா?”

“கியூவா? லண்டன்ல எங்க போனாலும் கியூதாம்மா!”

வீடே சிரித்தது. அவர் சொன்னது கியூ தாவரவியல் பூங்கா. கணவர் அதையும் ஆறாவது நாளுக்குக் கீழே எழுதிக்கொண்டார். பக்கத்தில் ‘நேரம் இருந்தால்’ என்று ஒரு குறிப்பு. “பூங்கா பாக்கவா பதிமூணு மணி நேரம் பறந்து போறோம்? நம்ம தைப்பிங் ஏரித் தோட்டம் போதாதா?” என்றார். அவர் கெட்டவர் அல்லர். வாழ்நாளில் ஒரு முறை கிடைத்த பயணம், அதில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்ற பயம் அவருக்கு.

லண்டனில் முதல் விடியல். மணி மூன்றுக்கே இருவருக்கும் விழிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் அப்போது காலை மணி பத்து. உடம்புக்கு அந்தக் கணக்குதான் தெரியும். கொண்டுபோன மைலோவைக் கலக்கிக் குடித்துவிட்டு, பிஸ்கட்டைக் கடித்தபடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அரண்மனை வாசலுக்கு முதல் ஆளாகப் போய் நின்றார்கள். செவ்வாய்க்கிழமை. காவலர் மாற்றும் சடங்கு அந்த மாதத்தில் தினமும் நடப்பதில்லை. அன்று இல்லாத நாள். சரி என்று நாடாளுமன்றப் பக்கம் நடந்தால், பிக் பென் கோபுரத்தைச் சுற்றிலும் சாரம் கட்டியிருந்தது. 2017இல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2022இல்தான் முடிந்தது. மணியோசையும் இல்லை. கணவர் கைப்பேசியை நீட்டி நாலு பக்கமும் நின்று பார்த்தார். எந்தப் பக்கம் நின்றாலும் மனைவிக்குப் பின்னால் இரும்புக் கம்பிகள்தான் வந்தன.

“பரவாயில்லைங்க, கட்டுமான வேலைக்கு வந்த மாதிரி இருக்கு” என்று அந்த அம்மா சிரித்தார். கணவருக்குச் சிரிப்பு வரவில்லை.

லண்டன் ஐ மட்டும் ஏமாற்றவில்லை. 135 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு அரைமணி நேரம். கண்ணாடிக் கூண்டுக்குள் எல்லாரும் கீழே தெரிந்த ஆற்றையும் பாலங்களையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா மேற்குப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். கூண்டு உச்சிக்கு வந்ததும் மெல்லக் கேட்டார்.

“கியூ எந்தப் பக்கங்க இருக்கும்?”

கணவர் பதில் சொல்லவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் நிலத்தடி இரயில் நிலையத்துக்கு வந்தார்கள். டவர் பிரிட்ஜுக்குக் கிழக்கே போக வேண்டும், கியூவுக்கு மேற்கே. இரண்டுக்கும் அதே டிஸ்ட்ரிக்ட் தடம்தான், ஏறும் மேடை மட்டும் வேறு. கணவர் மகள் கொடுத்த தாளைப் பார்த்தார், சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “வா” என்று மேற்குப் பக்க மேடைக்கு நடந்தார். ரிச்மண்ட் செல்லும் இரயில் வந்தது. பாதி வழியில் அது சுரங்கத்தை விட்டு வெளியே வந்து வீடுகளுக்குப் பின்புறமாக ஓடியது. இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பூங்காவில் அப்படி என்ன இருக்கிறது? 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 இரப்பர் விதைகளைக் கொண்டுவந்து சேர்த்த இடம் அது. முளைத்தவை சில ஆயிரம் மட்டுமே. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது, பேராக் மாநிலம் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் நிற்கிறது. இரப்பர் தோட்டம் பரவப் பரவ, பால் வெட்ட ஆள் வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். நம்மில் பலர் இந்த நாட்டில் பிறந்ததற்கு அந்தக் கன்றுகளும் ஒரு காரணம்.

அந்த அம்மா பிறந்தது கோலகங்சார் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். தாயார் பால்மரம் வெட்டியவர். இருட்டிலேயே பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் தன் நிரையை முடிக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் மகள் கூடவே போய் மங்கு துடைப்பாள், ஒட்டுப்பால் பொறுக்குவாள். பள்ளியில் ஆசிரியர் கியூவின் கதையைச் சொன்ன அன்று வீட்டுக்கு ஓடிவந்து, “இந்த மரமெல்லாம் லண்டன்லேருந்து வந்திச்சாம்மா” என்றபோது தாயார், “அப்படியா? அங்க யாரு வெட்டுவா?” என்று கேட்டாராம். தாயார் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

கியூவில் பனைமர மாளிகை என்று ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம், 1848இல் கட்டி முடித்தது. வெளியே குளிர். கதவைத் திறந்து உள்ளே போனதும் இருவரின் மூக்குக் கண்ணாடியும் மூடுபனி போல மறைத்துக்கொண்டது. வெக்கை, ஈரமண் வாசம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அந்த அம்மா, “விடியக்காலையில கித்தா காட்டுக்குள்ள போற மாதிரியே இருக்குங்க” என்றார்.

தேடித் தேடி அந்த மரத்தைக் கண்டுபிடித்தார்கள். மூன்று மூன்றாக விரிந்த அதே இலை. ‘ஹெவியா பிரேசிலியன்சிஸ்’ என்று பெயர்ச்சீட்டு. நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத மரத்துக்குப் பெயர்ச்சீட்டும் கண்ணாடி வீடும்! அந்த அம்மா அடிமரத்தில் விரல் வைத்து, இடமிருந்து வலமாகக் கீழே சாய்வாக ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். கத்தி போகும் வழி. கை மறந்திருக்கவில்லை.

கணவர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் நகரத்துப் பிள்ளை, கடைக்காரர் மகன். திருமணமாகி 27 ஆண்டுகளில் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“ஒங்க அம்மா ஒரு நாளைக்கு எத்தன மரம் வெட்டுவாங்க?”

“நானூறுக்கு மேல.”

“நானூறா?”

“மழ பேஞ்சா வேல இல்ல. அன்னிக்குக் காசும் இல்ல.”

பிறகு மாளிகைக்குள்ளேயே நின்று, மங்கு எப்படிக் கட்டுவது, பால் எத்தனை மணிக்கு எடுப்பது, கிராணி எங்கே நின்று கணக்கு எழுதுவார் என்று அவர் சொல்லச் சொல்லக் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மூடும் நேரம் வரும்வரை டவர் பிரிட்ஜ் ஞாபகமே வரவில்லை.

அன்று இரவு மகளுக்குப் படம் போனது. மரத்தின் பக்கத்தில் அம்மா.

“என்னப்பா இது, லண்டன் போயி இரப்பர் மரமா?” என்று மகள் கேட்டாள்.

“அம்மாகிட்ட கேளு. பாட்டியப் பத்திச் சொல்லுவாங்க” என்று அப்பா எழுதினார்.