பழுது நீக்கலும் பற்று நீக்கலும்

(திருவிழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

அருகப் பெருமான் திருவடி வாழ்க!

இன்றைய உரைக்குரிய பொருள் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கருவி. மவுஸ் என்று யாவரும் வழங்கும் கணினிச் சுட்டியே அது.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் கடை நடத்தும் ஒரு வணிகரை எண்ணிப் பாருங்கள். செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த பகுதி. மெல்லிய புழுதியும் கடற்காற்றும் கடைக்குள் நுழையும். கணினியில் பில் போடும்போது அவர் ஒரு முறை அழுத்தினால் சுட்டி இரு முறை பதிகின்றது. ஒரு மூட்டை வாங்கியவர் கணக்கில் இரண்டு மூட்டை ஏறுகின்றது. கூட்டியும் குறைத்தும் அளத்தலைக் கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்களுள் ஒன்றாக அறநூல்கள் எண்ணுகின்றன. அவரோ அறிந்து பிழை செய்தாரல்லர். ஆயினும் வாடிக்கையாளர் கண்ணில் ஐயம் தோன்றிவிட்டது. சினந்து சுட்டியைக் குப்பையில் எறிந்து, புதியதொன்று வாங்கச் செல்கிறார். பெரும்பாலோர் செய்வதும் இதுவே.

எறியப்பட்ட சுட்டியில் உண்மையில் கெட்டது எது? பொத்தானுக்கு அடியில் அரிசி மணிகள் சில சேர்ந்த அளவில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கின்றது. அதனுள் செம்புக் கலவையாலான மெல்லிய தகடு வில்போல் வளைந்து, அழுத்துந்தோறும் எதிர்முனையைத் தொட்டு மீள்கின்றது. தொடும் கணத்தில் தகடு சற்றே துள்ளுவது இயல்பு. அத்துள்ளலைப் பொருட்படுத்தாதிருக்கும்படி, வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மின்சுற்று பொறுத்திருக்கும். பல இலட்சம் முறை அழுத்திய பின் தகடு தளர்கின்றது. தொடுமுனையில் களிம்பு படர்கின்றது. துள்ளல் நீள, ஓர் அழுத்தம் இரண்டாகப் பதிகின்றது. கெட்டது அத்தகடு ஒன்றே. ஒளியுமிழி, வில்லை, மின்பலகை, மேலோடு ஆகிய எல்லாம் நலமாகவே உள்ளன.

இதனைச் சீர்செய்வது அரிய வித்தையன்று. கணினியினின்று சுட்டியைக் கழற்றிக் கவிழ்த்தால், வழுக்கிச் செல்வதற்கென ஒட்டிய பட்டைகளின் கீழோ ஒட்டுத்தாளின் கீழோ திருகாணிகள் மறைந்திருக்கும். அவற்றை நீக்கினால் மேலோடு திறந்துகொள்ளும். சுவிட்சின் மூன்று கால்களையும் பற்றவைத்த ஈயத்தை உருக்கி எடுத்து, அதே வகையும் உயரமும் உடைய புதிய சுவிட்சைப் பொருத்துதல் வேண்டும். வானொலி, கைப்பேசி பழுது பார்ப்போர் எவருக்கும் இது பழகிய வேலை. சக்கரம் தாறுமாறாக உருண்டால், அதன் அச்சில் சுற்றிய மயிரையும் தூசியையும் அகற்றுவதே பலவேளை போதும். வில்லையில் படிந்த தூசியை உலர்ந்த பஞ்சால் துடைக்கலாம். வயர் கழுத்தோரத்தில் அறுந்திருந்தால், அப்பகுதியை வெட்டி நீக்கி, நிறத்துக்கு நிறம் சேர்த்து இணைக்கலாம். தேய்ந்த பட்டைகளுக்குப் புதியன ஒட்டலாம்.

“முந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு இத்துணை உழைப்பா?” என்று கேட்போர் உளர். நியாயமான வினாவே. ஆயின் அவ்விலை கடைக்காரருக்குக் கொடுக்கும் விலை மட்டுமே. செம்புக்காக நிலம் அகழப்படுகின்றது. கனிமத்தை உருக்கத் தீ வளர்க்கப்படுகின்றது. கழுவ நீர் கலக்கப்படுகின்றது. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் ஓரறிவுயிர்களின் உடலாகக் காணும் சமயம் இது. பயனின்றி மண்ணை அகழ்தலும், நீரைக் கலக்குதலும், தீ மூட்டுதலும் பிரமாதசரியை எனப்படும். அனர்த்த தண்டங்கள் ஐந்தனுள் அதுவும் ஒன்று. சமந்தபத்திராசாரியர் இல்லறத்தாருக்கு வகுத்த இரத்தினகரண்டகம் இதனை விளக்குகின்றது. அகழ்தலை முற்றும் தவிர்க்க இல்லறத்தாரால் இயலாது. தேவையின்றி மற்றொரு முறை அகழச் செய்வதைத் தவிர்க்க இயலும். உடைமைக்கு எல்லை வகுக்கும் ஐந்தாம் அணுவிரதமும் இங்கே துணை நிற்கின்றது.

எறிந்த பொருள் செல்லுமிடத்தையும் நோக்குதல் வேண்டும். 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பு சார்ந்த ஆய்வறிக்கை கூறுகின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி செம்புக்காகத் திறந்த வெளியில் எரிக்கப்படுகின்றது. வயரின் உறை எரியும் நச்சுப்புகையை முதலில் சுவாசிப்போர் அவ்வேலை செய்யும் ஏழை மக்களும் அவர்தம் குழந்தைகளுமே. கொல்லாமையை முதலறமாகக் கொண்ட வீட்டினின்று எறியப்பட்ட பொருள் அவ்விடம் சேரலாகாது.

பழுது நீக்கிப் பயன்கொள்வது இக்கடற்கரைக்குப் புதிதன்று. தூத்துக்குடித் தோணியில் ஒரு பலகை இற்றால் அப்பலகையை மாற்றினர்; தோணியை எரித்தாரல்லர். மீனவர் வலையின் கண் அறுந்தால் கரையில் அமர்ந்து முடிந்தனர். அவர்தம் தொழில் வேறு, சமண நெறி வேறு. எனினும் பொருளைப் பேணும் பொறுமை எவரிடமிருந்தும் கற்கத்தக்கது.

எல்லாப் பழுதும் நீங்கும் என்பதில்லை. மின்பலகை கருகியதும், திறக்கவியலாதபடி ஒட்டப்பட்டதும் திருத்தத்துக்கு அடங்கா. அவற்றைப் பழைய இரும்பு வாங்குவோரிடம் கொடாமல், அரசின் பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மையங்களில் சேர்த்தல் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் அதற்கு வழி செய்துள்ளன. புதிதாக வாங்கும் நிலை வந்தால், திருகாணியால் திறக்கக்கூடியதைத் தேர்க. பழுது நீக்கும் உரிமைக்கென நடுவணரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளத்தையும் காண்க.

இதே மாவட்டத்துக் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. செய்வித்தோர் பெயர்கள் கீழே வட்டெழுத்தில் உள்ளன. நெடுநாள் நிற்கச் செய்வதும், செய்ததைப் பேணுவதும் அம்முன்னோர் வழக்கம். அவ்வழியில் வந்த குடும்பங்கள், இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும், ஓய்ந்து கிடக்கும் சுட்டி ஒன்றைப் பிள்ளைகளோடு அமர்ந்து திறந்து பார்ப்பார்களாக. சாத்தான்குளத்து வணிகரும் குப்பைக் கூடையினின்று தம் சுட்டியை மீட்டு, ஒரு சுவிட்ச் மாற்றி, பிழைபட்ட கணக்கைத் திருத்தி, மிகையாகப் பெற்றதை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவாராக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!